காட்டிக் கொடுப்பதல்ல, கணக்குக் கேட்பது!

ஒரு கட்டடத்துக்குள் எத்தனை மூட்டை சிமெண்ட் போயிற்று என்பது யாருக்குத் தெரியும்? வரி அதிகாரிக்குத் தெரியாது. அவர் காகிதத்தைப் பார்க்கிறார். ஆடிட்டருக்குத் தெரியாது, அவர் தம்மிடம் கொடுத்த பில்லைக் கூட்டுகிறார். வீடு வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் பூசிய சுவரைப் பார்க்கிறார். லாரியிலிருந்து மூட்டை இறக்கியவனுக்குத் தெரியும். கலவை போட்டவனுக்குத் தெரியும். சட்டியைத் தலையில் சுமந்து நாலாவது மாடிக்கு ஏறிய சித்தாளுக்குத் தெரியும்.

ஆக, கட்டடத் தொழிலின் உண்மைக் கணக்கு எந்த அலுவலக அலமாரியிலும் இல்லை. அது நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்கை நாம் வாய் திறந்து சொன்னால் அரசு நமக்கு என்ன செய்கிறது? நம்மைக் காக்கிறதா? மீட்ட பணத்தில் நமக்கு ஏதேனும் பங்கு உண்டா? இந்தக் கேள்வியைத்தான் இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, கம்பி கட்டும் தோழர் ஒருவர் பெங்களூரில் உள்ள நம் சங்க அறைக்கு வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். மனைவி அதே கட்டட வேலையில் சித்தாள். இரண்டு குழந்தைகள். நால்வருக்கும் வீடு, வேலைத்தளத்து மூலையில் இருந்த தகரக் கொட்டகைதான். அவர் பத்தாவது வரை படித்தவர். அதுதான் வினையாக முடிந்தது.

கூலி நாளன்று கிளார்க் அவரிடம் இரண்டு புத்தகங்களை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் நின்று படித்தார். ஒரு புத்தகத்தில் 18 பெயர். மற்றொரு புத்தகத்தில் 63 பெயர். வேலை செய்கிறவர்களோ, பெண்களையும் சேர்த்து 41 பேர். அந்த 63 பெயர்களில் ஒன்று அவருடைய மனைவியின் தாய்மாமன் பெயர். மாமா ஊரில் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. என்றைக்கோ வேலைக்கு வருவதாகச் சொல்லி மேஸ்திரியிடம் கொடுத்த ஆதார் நகல், அவர் போன பிறகும் வேலை செய்துகொண்டிருந்தது!

அந்தத் தோழர் நம்மிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, செத்துப்போன மாமாவுக்கு மாசா மாசம் கூலி போகுது. உயிரோட செங்கல் சுமக்கிற என் சம்சாரத்துக்கு ரெண்டு புஸ்தகத்துலயும் பேரே இல்லை. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

மனைவிக்குப் பெயர் இல்லாத காரணம் நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஜோடிக் கூலி என்று புருஷன் பெயரில் எழுதிவிடுவார்கள். அவள் எட்டு மணி நேரம் சுமந்தது எந்த ஏட்டிலும் ஏறாது.

"தைரியமாகப் புகார் கொடுங்கள்" என்று நாம்தான் சொன்னோம். கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் அவர் பெயர் மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னது, எப்படிப் போயிற்று என்பது இன்றுவரை விளங்கவில்லை. கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. ஐந்து வாரக் கூலி நின்றது. மழையில் பாத்திரம் பண்டங்களோடு இரண்டு இரவு நம் சங்க அறையில் தங்கிவிட்டு, இரவுப் பஸ்ஸில் குடும்பத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தார். குழந்தைகளின் படிப்பு பாதி வருஷத்தில் நின்றது. அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டு புத்தகத்தின் சூட்சுமம்

ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பெயர்ப் பட்டியல்? இதைப் புரிந்துகொண்டால் கட்டடத் தொழிலின் கறுப்புப் பணம் எங்கே பிறக்கிறது என்பது புரிந்துவிடும்.

பெரிய பட்டியல் வருமான வரிக்காரருக்கு. கூலி என்பது செலவு. செலவு எவ்வளவு கூடுதலோ, லாபம் அவ்வளவு குறைவு, வரியும் குறைவு. அதனால் இல்லாத ஆட்களுக்கெல்லாம் கூலி கொடுத்ததாக எழுதுகிறார்கள். அந்தக் கூலிப் பணம் முதலாளியின் பெட்டிக்கே ரொக்கமாகத் திரும்பி வருகிறது. நிலம் வாங்கும்போது பத்திரத்தில் காட்டாத பாதிக்கும், அனுமதிக்காக மேசைக்கடியில் நீட்டுவதற்கும் அந்த ரொக்கம்தான் பயன்படுகிறது.

சின்னப் பட்டியல் பி.எப். அலுவலகத்துக்கு. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் பி.எப். கட்ட வேண்டும். எனவே 18 பெயரோடு பேனா நின்றுவிடுகிறது. ஒருபுறம் ஆள் பெருகுகிறது. மறுபுறம் ஆள் மறைகிறது. இல்லாதவனுக்குக் கூலி உண்டு. இருப்பவனுக்கு எதிர்காலம் இல்லை.

அந்தத் தோழர் சொன்ன எண்ணிக்கையை வைத்து நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். ஆக ஓர் ஆளுக்கு மாதம் 3,600 ரூபாய் பி.எப். கணக்கில் சேர வேண்டும். 41 பேருக்கு மாதம் 1,47,600. வேலை 18 மாதம் நடந்தால் 26,56,800 ரூபாய். இது நம் முதுமைக்காகச் சேர வேண்டிய பணம்.

அடுத்து, 63 பேரில் குறைந்தது 22 பேர் இல்லாத ஆட்கள். அவர்கள் பெயரில் மாதம் 3,30,000. 18 மாதத்தில் 59,40,000 ரூபாய் பொய்ச் செலவு. வரி 30 சதவீதம் என்றால் அரசுக்கு இழப்பு 17,82,000 ரூபாய்.

மூன்றாவதாக, கட்டுமான நல நிதிக்கான செஸ். நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்ட வேண்டும். 20 கோடி ரூபாய்க் கட்டடத்தை 8 கோடி என்று காட்டினால் 20 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 8 லட்சம்தான் வரும். மீதி 12 லட்சம் யாருடையது? பிரசவ உதவியும் விபத்து நிவாரணமும் பிள்ளைகளின் படிப்புத் தொகையும் அதிலிருந்துதானே வர வேண்டும்?

வரி ஏய்ப்பு என்றால் ஏதோ பெரிய மனிதர்களுக்கும் சர்க்காருக்கும் நடுவே உள்ள தகராறு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை, தோழர்களே! வரியைத் திருடுகிற கையும் நம் பி.எப்.பைத் திருடுகிற கையும் ஒன்றே. இரண்டு புத்தகத்தையும் எழுதுவது ஒரே பேனா.

2016 நவம்பரை மறந்துவிட முடியுமா? 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், எத்தனை காண்டிராக்டர்கள் பழைய நோட்டிலேயே முன்கூலியை அள்ளிக் கொடுத்தார்கள்! அதுவரை ஒரு வாரக் கூலிக்கே இழுத்தடித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய நோட்டை மாற்ற வேலையை விட்டுவிட்டு வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்கள் யார்? நாம்தான். கறுப்புப் பணத்தைச் சுமப்பதற்கு நம் தலை வேண்டும். அதைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் நமக்கு வாய் கூடாது!

யார் சொன்னால் பங்கு?

வரி ஏய்ப்பைப் பற்றித் துப்புச் சொல்கிறவருக்கு அரசு பரிசு கொடுப்பதில்லையா என்றால், கொடுக்கிறது. வருமான வரித் துறை 2018இல் வெளியிட்ட திட்டத்தில், துப்பினால் கூடுதலாக வசூலாகும் வரியில் 10 சதவீதம் வரை, உச்சமாக 50 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்று அறிவித்தது. பினாமிச் சொத்தைப் பற்றிச் சொன்னால் 1 கோடி வரை, வெளிநாட்டில் பதுக்கியதைச் சொன்னால் 5 கோடி வரை என்றும் அதே ஆண்டில் அறிவித்தார்கள். சுங்கம், கலால், சேவை வரி ஏய்ப்புக்கு 2015இல் வந்த விதிகள் 20 சதவீதம் வரை என்றன.

ஆக, துப்புக்குப் பங்கு கொடுப்பது தவறு என்று அரசே கருதவில்லை. அது ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. ஆனால் அந்தப் பரிசு யார் கைக்கு எட்டும்? தனிப் படிவத்தில் விவரமாக எழுதத் தெரிந்தவருக்கு. பெரிய அதிகாரியை நேரில் பார்க்கக் கூடியவருக்கு. அப்பீல் எல்லாம் முடிந்து வரி வசூலாகும்வரை ஆண்டுக் கணக்கில் காத்திருக்க முடிந்தவருக்கு. அப்போதும் அது கருணைத் தொகைதான். உரிமையாகக் கேட்க முடியாது. முதலாளியோடு பிணங்கிய பங்காளிக்கும், போட்டிக் கம்பெனிக்காரருக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்கு ஒரு வேலைத்தளம் மாறுகிற கொத்தனாருக்குப் பொருந்துமா?

அதுவாவது இருக்கிறது. பி.எப். ஏய்ப்பைச் சொன்னவனுக்கு? செஸ் ஏய்ப்பைச் சொன்னவளுக்கு? 1952ஆம் ஆண்டு பி.எப். சட்டத்திலும், 1996ஆம் ஆண்டுச் செஸ் சட்டத்திலும், 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் துப்புச் சொன்ன தொழிலாளிக்குப் பங்கு என்று ஒரு வரி கிடையாது. அரசாங்கத்தின் பணத்தைத் திருடினால், சொன்னவனுக்குப் பங்கு. தொழிலாளியின் பணத்தைத் திருடினால், சொன்னவனுக்குக் கொட்டகைப் பூட்டு. இது எந்த ஊர் நியாயம்?

தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது. கட்டடம் முடிந்ததும் செலவு எவ்வளவு என்று முதலாளியே மதிப்பிட்டு, அவரே செஸ் கட்டலாம் என்கிறது புதிய தொகுப்பு. திருடன் கையில் சாவியைக் கொடுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை; எல்லா முதலாளியும் திருடனும் அல்லன். ஆனால், சுயமதிப்பீட்டைச் சரிபார்க்க ஒரு சாட்சி வேண்டாமா? அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களைவிட நல்ல சாட்சி யார்?

பெயர் வெளியே போனால்

பங்கைவிடப் பெரியது பாதுகாப்பு. சத்யேந்திர துபே என்ற பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் இளம் பொறியாளராக இருந்தவர். தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002இல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடிதமோ பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயா நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். படித்தவர், அரசு அதிகாரி. அவருக்கே அந்தக் கதி.

நாடே கொதித்த பிறகு, 2014இல் முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் இன்றுவரை அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்தச் சுரைக்காய் ஏட்டைவிட்டே இறங்கவில்லை. இறங்கினாலும் அது அரசு ஊழியர் செய்யும் தவறுகளைப் பற்றிச் சொல்கிறவருக்குத்தான். காண்டிராக்டரின் இரண்டு புத்தகத்தைப் பற்றிச் சொல்லும் சித்தாளுக்கு அதில் நிழல் இல்லை.

தோழர்களின் ஐயங்கள்

இதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசியபோது தோழர்கள் பல ஐயங்களை எழுப்பினார்கள். அவற்றை மூடி மறைக்க நாம் விரும்பவில்லை.

"இது எட்டப்பன் வேலை அல்லவா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்" என்றார் ஒரு பெரியவர். அவரை மதிக்கிறோம். ஆனால் அவரிடம் ஒன்று கேட்கிறோம். யார் யாருக்கு உப்பிட்டது? நம் உப்பு அந்தச் சுவரில் இருக்கிறது. நம் வியர்வையின் உப்பு. எட்டப்பன் பெயர் கெட்டது, போராடியவனை ஆதிக்கத்திடம் காட்டிக் கொடுத்ததால். தன் கூட்டாளியின் பி.எப். பணம் எங்கே என்று கேட்கிறவன் யாரைக் காட்டிக் கொடுக்கிறான்? உண்மையில் வாய் மூடி இருப்பதுதான் காட்டிக் கொடுப்பது. பக்கத்தில் சட்டி சுமக்கிறவளைக் காட்டிக் கொடுப்பது.

"ரெய்டு வந்தால் வேலை நின்றுபோகுமே, அடுப்பு எரிய வேண்டாமா?" என்று பெண்கள் கேட்டார்கள். இதுதான் எல்லாவற்றிலும் நியாயமான கேள்வி. இதற்கு வீரவசனம் பதிலாகாது. ஏய்த்த வரியையும் பி.எப்.பையும் வசூலிக்க வேலையை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. புத்தகத்தைக் கைப்பற்றினால் போதும். அப்படியும் வேலை நின்றால், நின்ற நாளுக்கான கூலியை முதலாளியிடமிருந்தே வசூலித்துக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் புகார் கொடுக்கச் சொல்வது, பட்டினி கிடக்கச் சொல்வதாகும். சென்ற மழைக்காலத்தில் நாம் செய்த தவறு அதுதான்.

"பணம் கிடைக்கும் என்றால் பொய்ப் புகார் பெருகாதா? மேஸ்திரியே முதலாளியை மிரட்டிக் காசு பறிக்க மாட்டானா?" என்றார் இன்னொரு தோழர். பறிப்பான். அதனால்தான், பணம் வசூலான பிறகே முழுப் பங்கு என்கிறோம். தெரிந்தே பொய் சொன்னவனுக்குத் தண்டனை இருக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இன்று சட்டப்படி பங்கு இல்லாததால்தான் மிரட்டிப் பறிப்பது லாபமாக இருக்கிறது. நேர்வழியில் கிடைக்கும் என்றால் குறுக்கு வழியின் விலை இறங்கும்.

"வசூலான நிதியையே நமக்குச் செலவழிக்கவில்லையே, இன்னும் வசூலித்துக் கொடுத்து என்ன பயன்?" இது கசப்பான உண்மை. 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்பளித்தது. கட்டடத் தொழிலாளர் பெயரில் நாடு முழுதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது ஏறத்தாழ 9,500 கோடிதான் என்று அந்தத் தீர்ப்பு சொல்லியது. தொழிலாளருக்கென்று சலவை இயந்திரமும் மடிக்கணினியும் வாங்கிய கதையும் அதில் வந்தது. தலைக்கு மேல் கூரையில்லாதவளுக்குச் சலவை இயந்திரம்! ஆனால் பானையில் ஒரு பக்கம் ஓட்டை இருக்கிறது என்பதற்காக, மறுபக்கம் தண்ணீர் திருடுபவனை விட்டுவிடலாமா? இரண்டையும் கேட்போம். மேலும், நாம் கேட்கும் பங்கு வாரியத்தின் கஜானாவுக்குள் போய்த் தூங்காது. நேரே தொழிலாளியின் கைக்கு வரும்.

"ஒருவனுக்குப் பரிசு என்றால் நம் ஒற்றுமை குலையாதா?" என்பது கடைசி ஐயம். குலையக்கூடும். எனவேதான் தனி ஆளுக்கு என்று கேட்காமல், கூட்டாக என்று கேட்கிறோம்.

நாம் கேட்பவை

ஒன்று: பி.எப்., செஸ் ஏய்ப்பைச் சொல்லும் தொழிலாளர்களுக்கு, மீட்கும் தொகையில் 10 சதவீதத்துக்குச் சமமான பங்கைச் சட்டத்தில் உரிமையாக எழுத வேண்டும், கருணையாக அல்ல. அந்தப் பங்கு முதலாளி கட்டும் வட்டியிலிருந்தும் அபராதத்திலிருந்தும் வர வேண்டும். தொழிலாளியின் பி.எப்.பிலிருந்தோ நல நிதியிலிருந்தோ ஒரு காசும் எடுக்கக் கூடாது. மேலே போட்ட கணக்கில் பி.எப்.பும் செஸ்ஸுமாக 38,56,800 ரூபாய் மீண்டால், பங்கு 3,85,680 ரூபாய்.

இரண்டு: துப்பு உண்மை என்று முதல் விசாரணையில் தெரிந்ததும் 60 நாளுக்குள் ஒரு பகுதியைக் கொடுத்துவிட வேண்டும். நாடோடி வாழ்க்கை வாழ்கிறவனை அப்பீல் முடியும்வரை காத்திருக்கச் சொல்லக் கூடாது.

மூன்று: சங்கத்தின் பெயரில் துப்புக் கொடுக்கும் உரிமை வேண்டும். தனி மனிதன் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறாமல் இருந்தால்தான் அது மேஸ்திரி காதுக்குப் போகாது. கிடைக்கும் பங்கில் பாதி சொன்னவர்களுக்கும், மீதிப் பாதி அந்த வேலைத்தளத்தில் உண்மையில் உழைத்த அனைவருக்கும் போகட்டும்.

நான்கு: விசாரணை முடியும்வரை வேலையைவிட்டு நீக்குவதும், கொட்டகையிலிருந்து வெளியேற்றுவதும், கூலியை நிறுத்துவதும் குற்றமாக வேண்டும். முன்பணக் கடனைக் காட்டி மிரட்டுவதும் அதில் சேர வேண்டும். பொய்ப் புத்தகத்தில் பயந்து கையெழுத்துப் போட்ட தொழிலாளியை உடந்தைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

ஐந்து: துப்பை வாய்மொழியாகவும், தமிழ் உட்பட அவரவர் மொழியிலும் ஏற்க வேண்டும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொண்டு வா என்பது கதவை மூடுவதற்குச் சமம்.

ஆறு: வருமான வரித் துறை கையில் இருக்கும் கூலிப் பட்டியலையும், பி.எப். அலுவலகத்தில் இருக்கும் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 63க்கும் 18க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. இரண்டு அதிகாரிகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் சிரிக்கலாம். கட்டடத் தொழிலாளிக்கு நல வாரியம் என்று 1980களில் கேட்டபோதும் சிரித்தார்கள். தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது; 1994இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் தேசிய இயக்கக் குழு பல ஆண்டு போராடி, 1996இல் அதையும் கண்டது. எதுவும் மேலிருந்து தானாக இறங்கி வரவில்லை. கேட்டு வாங்கியதுதான்.

இப்போதே செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வேலைத்தளத்தின் இடம், பில்டர் பெயர், மேஸ்திரி பெயர், வேலை செய்த நாள், வாங்கிய கூலி, அன்று வேலை செய்த ஆட்களின் எண்ணிக்கை, இவ்வளவு போதும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். இரவில் ஐந்து நிமிடம் அவர்களை எழுதச் சொல்லுங்கள். பெண்களின் வேலை நாளைத் தனி வரியில் எழுதுங்கள். 90 நாள் வேலை செய்ததைக் காட்டினால்தான் நல வாரியத்தில் பதிவு என்பதை மறவாதீர்கள். அந்த நோட்டு அதற்கும் உதவும்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் நகல் கொடுத்தால் அதன் மேலேயே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வங்கி அட்டையை மேஸ்திரியிடம் விட்டு வைக்காதீர்கள். உங்கள் கணக்கில் யாருடைய பணமோ வந்து போய்க்கொண்டிருக்கும். தவறு கண்டால் தனியாகப் போய்ப் புகார் கொடுக்காதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள். சென்ற முறை ஒரு தோழரைத் தனியாக அனுப்பியதற்காக வருந்துகிறோம். இனி போனால் எல்லோரும் சேர்ந்தே போவோம். தங்க இடமும் சாப்பாட்டுக்கு வழியும் ஏற்பாடு செய்துகொண்டுதான் போவோம். அதற்கென்று தனி நிதி ஒன்றைச் சங்கத்தில் தொடங்குகிறோம். இயன்றதைக் கொடுங்கள்.

ஊர் திரும்பிய அந்தத் தோழருக்கும் இந்த இதழை அனுப்பி வைக்கிறோம். "சொன்னால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டீர்களே, இது முழுப் பதில் அல்ல, தோழரே. ஆனால் இனி அந்தக் கேள்வியை நீங்கள் ஒருவர் மட்டும் கேட்கப் போவதில்லை. செத்தவர் பெயர் அந்தப் புத்தகத்திலிருந்து இறங்கும்வரை, உயிரோடு சுமக்கிறவள் பெயர் அதில் ஏறும்வரை, நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.